வரையர் நாடு நீங்கிய கதை: சில குறிப்புகளும் திருத்தங்களும்

ஜனவரி 6

வாசகர் ஒருவரின் கேள்வி: "நீங்கள் எழுதிவரும் கதையுலகில் வரையர் என்ற தேவதை இனத்தை மனிதர்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் மலையிலிருந்து துரத்திவிட்டதாகச் சொல்கிறீர்கள். வரையருக்குச் சிறகு இருக்கிறது, மந்திரம் இருக்கிறது, நானூறு வயது வரை வாழ்கிறார்கள். மனிதர்களிடமோ ஏரும் கவணும் தவிர வேறொன்றும் இல்லை. இதில் யார் யாரைத் துரத்த முடியும்?"

கேள்வி நியாயமானது, அதற்கு நான் வைத்திருந்த விடைதான் நியாயமாக இல்லை. வரையருக்கு இரும்பு ஆகாது, மனிதர்களிடம் இரும்பு இருந்தது என்று முதல் படியில் இரண்டே வரியில் முடித்திருந்தேன். இரும்பைக் கண்டால் இத்தகைய பிறவிகள் விலகும் என்பது பல நாடுகளில் வழங்கும் நம்பிக்கையாதலால் யாரும் குறுக்குக் கேள்வி கேட்கமாட்டார்கள் என்று நினைத்துவிட்டேன். ஓர் இனம் தன் நாட்டை இழந்ததைக் கொல்லன் பட்டறைப் பொருள் ஒன்றைக் காட்டி முடித்தால், அது வரலாறு போல இராது, வைத்தியர் எழுதித் தரும் ஒவ்வாமைச் சீட்டுப் போல இருக்கும். இரும்பை நீக்கிவிட்டேன். இப்போதைக்கு அந்த இடம் காலியாக இருக்கிறது.

ஜனவரி 9

அயர்லாந்தின் பழங்கதைகளை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அங்கே துவாஹா டே டானன் என்ற இனம் மீலின் மைந்தர் எனப்படும் மனிதர்களிடம் தோற்கிறது. தோற்றபின் நாடு பங்கிடப்படும் முறைதான் விந்தையானது: தரைக்கு மேலுள்ள பாதி மனிதருக்கு, தரைக்குக் கீழுள்ள பாதி தோற்றவருக்கு. அவர்கள் மேடுகளுக்குள் குடிபோகிறார்கள். ஆனால் கதை அத்துடன் நிற்பதில்லை. கீழே போனவர்கள் மேலே இருப்பவர்களின் தானியத்தையும் பாலையும் கெடுத்துவிட, வென்ற மனிதர்களே அவர்களுடைய தலைவனிடம் வந்து உடன்படிக்கை செய்துகொள்ள நேர்கிறது. வாளால் வென்றவன் களஞ்சியத்தில் தோற்றுப்போகிறான்.

அந்த மேடுகளும் வெறுங்கற்பனை அல்ல. அவற்றுள் பேர்பெற்ற நியூகிரேஞ்ச் கி.மு. 3200 வாக்கில் உழவர்கள் கட்டிய கல்லறை. கட்டியவர்களை மறந்துபோன பிற்காலத்தார், அதற்குள் குடியிருப்பவர்களைத் தாமாகக் கற்பித்துக்கொண்டார்கள். 1890இல் டேவிட் மெக்ரிட்சி என்பவர் இதைத் திருப்பிப் போட்டு, தேவதைகள் என்போர் உண்மையில் முன்பு அங்கே வாழ்ந்து ஒடுக்கப்பட்ட குள்ளமான மக்களின் நினைவே என்று வாதிட்டார். பின்வந்த ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. எனக்கும் அது பிடிக்கவில்லை, ஆனால் காரணம் வேறு: சிறகைப் பிடுங்கிவிட்டுக் கதையை விளக்குவது என்னைப் போன்றவர்களின் பிழைப்பில் மண்ணள்ளிப் போடும் வேலை.

உடன்படிக்கை என்ற சொல்லை மட்டும் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 10

நேற்று "தோற்றபின், தோற்றவர்" என்று எழுதிக்கொண்டே போயிருக்கிறேன். வரையர் தோற்றார்கள் என்பதையே நான் இன்னும் நிறுவவில்லை. அவசரம்.

ஜனவரி 17

கண் முன்னால் இருந்ததைக் காணாமல் அயர்லாந்துக்குப் போயிருக்கிறேன். இயக்கர் தலைவனான குபேரன் இலங்கையை இழந்த கதையைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு வேறென்ன வேண்டும்? உத்தர காண்டத்தின்படி அங்கே போரே நடக்கவில்லை. இராவணன் தூதனுப்பி இலங்கையைக் கேட்கிறான். குபேரன் தந்தை விசிரவசிடம் போய் யோசனை கேட்கிறான். விட்டுக் கொடுத்துவிட்டுக் கயிலைக்குப் போ என்கிறார் தந்தை. குபேரன் தன் பரிவாரத்துடன் கிளம்பிவிடுகிறான். செல்வத்துக்கே அதிபதியானவன், புட்பக விமானம் வைத்திருந்தவன், தந்தையின் ஒரு சொல்லுக்காக ஊரைக் காலி செய்கிறான். இது படையெடுப்பு அன்று, பாகப்பிரிவினை.

அதற்கு முந்தைய அடுக்கு இன்னும் சுவையானது. இலங்கை முதலில் அரக்கருக்காகவே விசுவகர்மா கட்டிக் கொடுத்தது. திருமாலிடம் தோற்ற சுமாலியும் (இராவணனின் தாய்வழிப் பாட்டன்) மற்றவர்களும் பாதாளத்துக்கு ஓடிவிட, ஆளில்லாமல் கிடந்த ஊரில்தான் குபேரன் குடியேறினான். ஆகவே இராவணன் தரப்பில் கேட்டால், அவன் பாட்டனுடைய ஊரைத்தான் திருப்பிக் கேட்டான். "முதலில் இருந்தவர் யார்" என்று தோண்டினால் ஒவ்வொரு அடுக்கிலும் ஓர் அகதி கிடைக்கிறான்.

கேள்வி கேட்ட வாசகருக்கு இப்போது பாதி விடை சொல்ல முடியும்: வரையரை யாரும் துரத்தவில்லை, அவர்களே போனார்கள். ஏன் போனார்கள் என்பது மீதிப் பாதி.

ஜனவரி 25

இன்று கணக்குப் போட்டபோது ஒரு பெரிய ஓட்டை தெரிந்தது. நாடு நீங்கி முந்நூறு ஆண்டுகள் ஆகின்றன, வரையரின் ஆயுள் நானூறு ஆண்டுகள் என்று இரண்டையும் நானேதான் எழுதினேன். அப்படியானால் அன்று மலையிலிருந்து இறங்கியவர்களில் பலர் இன்றும் உயிரோடு இருக்கவேண்டும். நானோ "பழம்பாடல்கள் கூறுகின்றன", "முன்னோர் வழியாக வந்த செய்தி" என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். எந்த முன்னோர்? அந்த முன்னோர் பக்கத்து அறையில் இருமிக்கொண்டிருக்கிறார். பாடலைப் பாடிக் கேட்பதற்குப் பதில் அவரையே கேட்டுவிடலாமே.

மனிதர் பக்கம் அதே காலத்தில் பன்னிரண்டு தலைமுறைகள் ஓடிவிட்டன. அவர்களுக்கு அது தொன்மம். வரையருக்கு அது சின்ன வயது நினைவு. நீளாயுள் இனத்தைப் படைக்கிற எல்லோரும் வயதை அணிகலன் போல மாட்டிவிட்டு, அதனால் வரலாறு என்ற பொருளே மாறிப்போவதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம் என்று தோன்றுகிறது. எல்லோரும் என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன், நான் விட்டுவிட்டேன்.

ஆயுளைக் குறைத்துவிடலாமா என்று ஓர் இரவு முழுவதும் யோசித்தேன். குறைக்கப்போவதில்லை.

பிப்ரவரி 2

"சாட்சிகள் உயிரோடு இருந்தால் உண்மை தெளிவாகத் தெரிந்துவிடுமே, பிறகு கதைக்கு என்ன வேலை?" என்று இன்னொரு வாசகர் கேட்கிறார்.

என் பாட்டியும் அவருடைய தங்கையும் சிறுமிகளாக இருந்தபோது விட்டுவந்த வீட்டைப் பற்றிப் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவன் நான். கிணறு வீட்டுக்குப் பின்னால் இருந்தது என்பார் பாட்டி; பக்கவாட்டில், மாட்டுக் கொட்டிலை ஒட்டி இருந்தது என்பார் தங்கை. இருவரும் அதே கிணற்றில் பத்து ஆண்டுகள் தண்ணீர் இறைத்தவர்கள். ஒரு நாள் நான் காகிதமும் பென்சிலும் கொடுத்து இருவரையும் தனித்தனியே வரைந்து காட்டச் சொன்னேன். பாட்டியின் படத்தில் கிணறு பின்னால் இருந்தது, மாட்டுக் கொட்டிலே இல்லை. தங்கையின் படத்தில் கொட்டில் வீட்டைவிடப் பெரிதாக இருந்தது. பிறகு தெரிந்தது, மாடுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை தங்கைக்குத்தான் கொடுக்கப்பட்டிருந்தது. இருவரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை.

ஆகவே சாட்சிகள் இருக்கட்டும். வரையரின் மூத்தோர் இருபது பேர் உயிரோடு இருந்தால் இருபது மலைகள் இருக்கும்.

பிப்ரவரி 3

சிறகு எதற்கு, பறந்தே போயிருக்கலாமே என்று மீண்டும் ஒருவர். மனித அளவு உடலைத் தும்பிச் சிறகு தூக்காது. உடலின் நீளம் இரு மடங்கானால் எடை எட்டு மடங்காகிறது, சிறகின் பரப்போ நான்கு மடங்குதான் ஆகிறது. ஏறத்தாழ முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மெகாநியூரா என்ற பெருந்தும்பியின் சிறகு விரிப்பே எழுபது சென்டிமீட்டர் அளவுதான். ஆகவே என் வரையர் மலைச்சரிவிலிருந்து காற்றில் மிதந்து இறங்குவார்கள், சமவெளியிலிருந்து எழும்பமாட்டார்கள். இறங்க முடியும், ஏற முடியாது. இதை எழுதியபோது பௌதிகத்துக்கு அஞ்சித்தான் எழுதினேன். கதைக்கே இது அச்சாணியாகும் என்று இப்போதுதான் படுகிறது.

பிப்ரவரி 14

உடன்படிக்கைக்கு வருகிறேன். மலையடிவாரத்தில் ஓர் எல்லைக்கல் நிற்கிறது. அதில் மூன்றே சொற்கள்: வரையர் வரை கடவார். கதையுலகின் மொழி தமிழே என்று வைத்துக்கொண்டதால் கிடைத்த பரிசு இது. வரை என்றால் மலை. வரை என்றால் கோடு, எல்லை. மலையில் வாழ்வதால் வரையர் என்று அந்த இனம் தன்னைச் சொல்லிக்கொள்கிறது. எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களாதலால் வரையர் என்று மனிதக் குழந்தைகள் படிக்கிறார்கள். கல்லை மனிதர் படித்தால், எல்லையைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்று கட்டளை. வரையர் படித்தால், மலையை நாம் கைவிடமாட்டோம் என்று வாக்குறுதி. கடத்தல் என்ற சொல்லும் தாண்டுவதற்கும் நீங்குவதற்கும் ஒருசேர வளைந்து கொடுக்கிறது. இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒரே கல், இரு தரப்புக்கும் எதிரெதிராகச் சான்று சொல்கிறது.

பிப்ரவரி 15

சங்க இலக்கியம் படித்த வாசகர் ஒருவர் வந்து, வரைவு என்றால் திருமணம், வரைதல் என்றால் மணந்துகொள்ளுதல், எனவே கல்லில் இருப்பது கலப்பு மணத்தடையாகவும் இருக்கலாமே என்கிறார். வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மனிதர்கள் தரப்பில் ஒரு பூசாரிக் கூட்டம் அப்படித்தான் படித்திருக்கும். அந்தப் படிப்பை வைத்து இரண்டு மூன்று தலைமுறைகளுக்குத் தண்டனையும் கொடுத்திருக்கும். சேர்த்துக்கொள்கிறேன். இதற்கு மேல் அகராதியைப் புரட்டவேண்டாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

மார்ச் 1

நானே புரட்டிவிட்டேன். நிகண்டுகளில் வரை என்பதற்கு மூங்கில் என்றும் ஒரு பொருள் இருக்கிறது.

இந்த ஒரு சொல் இரண்டு மாதச் சிக்கலை அவிழ்த்துவிட்டதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். மூங்கில் இனங்கள் பல, ஆண்டுதோறும் பூப்பதில்லை; பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை காடு முழுவதும் ஒரே காலத்தில் பூத்து, காய்த்து, மடிந்துவிடும். மிசோரமில் பெரும்பரப்பில் வளரும் ஒருவகை மூங்கில் ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கிறது. பூத்தால் காய்கள் மலைபோல் கொட்டும், அவற்றைத் தின்று எலிகள் கணக்கில்லாமல் பெருகும், காய் தீர்ந்ததும் எலிகள் வயலுக்கும் களஞ்சியத்துக்கும் இறங்கிவிடும், பஞ்சம் வரும். 1959இல் அப்படி வந்த பஞ்சத்தில் மக்களைக் காக்க எழுந்த அமைப்பே பின்னர் அரசியல் இயக்கமாகி, 1966இல் ஆயுதக் கிளர்ச்சியில் போய் நின்றது. பூத்த மூங்கில் ஓர் அரசியலையே மாற்றியிருக்கிறது.

இதை என் உலகில் வைத்துப் பாருங்கள். நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடப்பதை மனிதன் வாழ்நாளில் ஒருமுறை பார்ப்பான். இரண்டாம் முறை பார்ப்பவன் அன்று பல்லில்லாத கிழவனாக இருப்பான், அவன் பேச்சை யாரும் கேட்கமாட்டார்கள். வரையருக்கு அது எட்டு முறை வந்துபோகும் பருவம். மொட்டைக் கண்டதுமே எலி வரும் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததால் மலையிலிருந்து சமவெளிக்கு மிதந்து இறங்கி, களஞ்சியத்தை மூடுங்கள் என்று எச்சரித்தார்கள். அடுத்த ஆண்டு எலி வந்தது. முன்கூட்டிச் சொன்னவன்தான் ஏவிவிட்டவன் என்று மனிதர்கள் முடிவு கட்டினார்கள்.

அயர்லாந்துக் கதையில் தானியம் கெட்டதற்கும் யாரேனும் எச்சரித்ததுதான் காரணமோ என்னவோ. அது என் வேலை அல்ல.

மார்ச் 4

திருத்தம். முதலில் இந்த இடத்தில் குறிஞ்சிப் பூவைத்தான் வைத்திருந்தேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது, அழகானது, நம் இலக்கியத்துக்கு உரியது. ஆனால் பன்னிரண்டு ஆண்டு இடைவெளியை மனிதனாலும் எளிதாக நினைவில் வைத்திருக்க முடியும் என்பதோடு, குறிஞ்சியால் பஞ்சம் வந்ததாகவும் கேள்வி இல்லை. அழகை விட்டுவிட்டு எலியை எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்று: மூங்கிலரிசியை நினைத்துக்கொண்டு "நெல் போன்ற மணி" என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். மிசோரம் மூங்கிலின் காய் பேரிக்காய் அளவு பெரியது. மணியாக விளைவது வேறு இனம். என் உலகில் மணியாகவே விளையட்டும். ஆண்டுக் கணக்கை மட்டும் கடன் வாங்கிக்கொள்கிறேன்.

மார்ச் 20

எல்லோருமா மலையிலிருந்து இறங்கினார்கள், ஒருவர்கூட அங்கே தங்கவில்லையா என்ற கேள்விக்கு இலங்கையின் பழம் வரலாற்று நூலான மகாவம்சத்தைவிட நல்ல விடை இல்லை. அதன் முதல் அதிகாரத்தில் இயக்கர்கள் அனைவரும் கிரிதீபம் என்ற வேறொரு தீவுக்கு அனுப்பப்பட்டு விடுகிறார்கள். ஏழாம் அதிகாரத்தில் விசயன் இலங்கையில் வந்து இறங்கும்போது இயக்கியான குவேனி அங்கே உட்கார்ந்து நூல் நூற்றுக்கொண்டிருக்கிறாள். அனைவரையும் அனுப்பியாயிற்று என்று எழுதியவர்களின் நூலிலேயே ஓர் இராட்டை சுழன்றுகொண்டிருக்கிறது. பின்பு விசயன் பாண்டிய இளவரசியை மணக்கும்பொருட்டு அவளைப் போகச் சொல்லிவிட, அவள் தன் இனத்தாரிடம் போய் உயிரை இழக்கிறாள். அவளுடைய மகனும் மகளும் மலைநாட்டுக்குத் தப்பியோடுகிறார்கள்.

ஆகவே என் மலையிலும் சிலர் தங்கியிருக்கிறார்கள். மனிதர்களின் ஆவணத்தில் அவர்கள் இல்லை. ஏனைய வரையரின் நினைவிலும் அவர்கள் இல்லை, ஏனெனில் தங்கியவர்கள் இருந்தால் இறங்கியவர்கள் ஏன் இறங்கினோம் என்று விளக்கவேண்டியிருக்கும். இவர்களை இப்போதைக்கு இப்படியே விட்டுவைக்கிறேன். இழுத்தால் இரண்டாம் பாகம் எழுதவேண்டி வரும்.

ஏப்ரல் 8

மலையிலிருந்து இறங்கிய வரையர் இப்போது வாழும் உப்புவெளியில் அவர்களின் பேச்சு எப்படி இருக்கவேண்டும் என்பது பற்றி. 1492இல் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்ட யூதர்கள் தங்களுடன் எடுத்துச்சென்ற ஸ்பானியம் லதீனோ என்ற பெயரில் நிலைத்தது. ஸ்பெயினில் பிறகு ஹகரம் போல மாறிப்போன ஓர் ஒலி, போனவர்களின் நாவில் பழையபடி ஷகரமாகவே நின்றது. வீட்டில் இருப்பவன் பேச்சை மாற்றிக்கொண்டே இருக்கிறான், வெளியேறியவன் பொத்திப் பாதுகாக்கிறான்.

அதற்கு நேர்மாறானதும் உண்டு. கி.மு. 586இல் எருசலேம் வீழ்ந்து பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்ட யூதர்கள், நிசான், தம்மூஸ் முதலிய மாதப் பெயர்களை அங்கிருந்தே பெற்றார்கள். தம்மூஸ் என்பது பாபிலோனியத் தெய்வத்தின் பெயர். கி.மு. 539இல் பாரசீக மன்னன் சைரஸ் பாபிலோனைப் பிடித்து, திரும்பிப் போக அனுமதி கிடைத்தபோதும் பலர் போகாமல் அங்கேயே இருந்துவிட்டார்கள்.

இரண்டையும் எடுத்துக்கொண்டேன். வரையர் மாதங்களை மனிதர்களின் பெயராலேயே சொல்கிறார்கள். ஆனால் வீட்டைவிட்டு வெளியே போவதை மட்டும் இன்றும் "இறங்குதல்" என்கிறார்கள். உப்புவெளியில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. பலகை போலக் கிடக்கும் தரையில் அடுத்த வீட்டுக்கு நெருப்பு வாங்கப் போகும் சிறுமி, "இறங்கிவிட்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் நடக்கிறாள்.

ஏப்ரல் 21

முதல் வாசகருக்கு முழு விடை. கல்லில் இருப்பது பாதி வாக்கியம். மேற்பாதி உடைந்து எங்கோ மண்ணுக்குள் போய்விட்டது. முழு வாக்கியம் இது: "வரை பூத்து அடங்கும் வரை வரையர் வரை கடவார்." மூங்கில் பூத்து ஓயும் காலம் மட்டும், எலி பெருகிய அந்த மூங்கில் எல்லையைத் தாண்டுவதில்லை என்ற ஒரு பருவத்து ஏற்பாடு. எச்சரிக்க இறங்கி வந்து சமவெளியில் விருந்தினராக இருந்த வரையர், எலிகளை ஏவுவதாக எழுந்த சந்தேகம் தீரட்டும் என்று தாங்களாகவே ஒப்புக்கொண்ட நிபந்தனை. நானூறு ஆண்டு வாழ்கிறவர்களுக்குக் கொஞ்சம் பொறுப்பது பெரிதல்ல. புது மூங்கில் தழைக்கட்டும், மனிதர் மனம் ஆறட்டும் என்று மரியாதைக்காக அறுபது ஆண்டுகள் காத்திருந்துவிட்டு, போகலாமா என்று கேட்கப் போனார்கள். கேட்பதற்கு எதிரே ஒருவரும் இல்லை. ஒப்பமிட்ட மனிதர்கள் எல்லோரும் இறந்து, மூங்கில் மடிந்து வெறுமையான சரிவுகளில் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் உழுதுகொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்தது உடைந்த கல் மட்டுமே. சிறகோ ஏற உதவாது.

போரும் வேண்டாம், இரும்பும் வேண்டாம். இரண்டு இனங்களின் ஆயுள் வேறுபாடே போதுமானதாக இருந்திருக்கிறது.

ஏப்ரல் 29

தொடக்கக் காட்சியை மாற்றி எழுதினேன். மூங்கிலில் ஓர் உண்மை: ஒரே தாய்மூலத்திலிருந்து பிரித்து வேறு நாடுகளில் நட்ட மூங்கில்கள், தொலைவில் இருந்தும் ஒரே காலத்தில் பூத்ததுண்டு. 120 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் ஜப்பானிய மூங்கில் ஒன்று இதற்குப் பேர்போனது.

காட்சி இது. மாலை. அந்த வாக்கியத்தை அன்று கல்லில் வெட்டியவள் இன்று கிழவி. வாசலில் உட்கார்ந்து சிறகை மடிமேல் இழுத்துப் போட்டு, நரம்புகளின் இடையில் படிந்த உப்பைக் கோழியிறகால் தட்டிக்கொண்டிருக்கிறாள். தட்டத் தட்ட உப்பு வெண்மணலாய்ப் பாவாடையில் விழுகிறது. பக்கத்தில் உடைந்த சாலில் ஒரு மூங்கில் புதர், அன்று மலையிலிருந்து இறங்கும்போது இடுப்பில் செருகி வந்த கிழங்கிலிருந்து வளர்ந்தது. இலையெல்லாம் உதிர்ந்திருக்கிறது. நுனியில் பழுப்பாக, காய்ந்த புல்லின் கதிர் போல ஏதோ தொங்குகிறது. பேத்தி அதைக் கிள்ளி எறியப் போகிறாள். கிழவி அவள் கையைப் பிடித்துக்கொள்கிறாள். கதிரை மூக்கருகே கொண்டுபோய் முகர்கிறாள். தொலைவில் மலை நீலமாகத் தெரிகிறது, அங்கே விளக்குகள் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள்.

"களஞ்சியத்தைத் திறந்து போட்டிருப்பார்களே," என்கிறாள். "யார் இறங்கிப் போய்ச் சொல்வது?"

மே 2

மேலே பல இடங்களில் முந்நூறு ஆண்டுகள் என்று எழுதியிருக்கிறேன். சாலில் இருக்கும் மூங்கில் கணக்கு அதற்கு ஒத்துவரவில்லை. ஆறு முறை நாற்பத்தெட்டு, 288 என்று திருத்திப் படித்துக்கொள்ளவும்.